எலுமிச்சம்பழம் உருண்ட நேரம்

ஜெபமலர் தென்காசியில் பதினெட்டு வருஷத்துக்கு மேல் பிரசவ நர்சாக இருந்தாள். அத்தனை வருஷத்தில் பிரசவத்துக்கு அல்லாமல் ஒரு நாள்கூட அவள் வெளியூரில் தங்கியதில்லை. சொந்த ஊரான நாசரேத்தில் அவளுடைய அம்மா இறந்தபோதுகூடக் காலை பஸ்ஸில் போய், மண்ணைப் போட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிட்டாள். கூடப்பிறந்த தம்பி அதற்காக மூன்று வருஷம் அவளோடு பேசவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வரும்படியை விட்டுப் போக மனசில்லை என்றார்கள். தான் இல்லாவிட்டால் தென்காசியில் பிள்ளையே பிறக்காது என்ற மண்டைக்கனம் என்றார்கள். யாரோடோ தொடுப்பு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அந்த வகையில் ஒரு மாதம் என் பெயர்கூட அடிபட்டது. என் வீட்டுக்காரி ஜாஹிரா பீவி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் துல்கர்னைன். பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்தவன். ஜெபமலர் ஏன் ஊரைவிட்டு நகரவில்லை என்பது எனக்குத் தெரியும். நேரில் நான் அவளை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது 'அவள்' என்று வருகிறது. என்னைவிட ஒரு வயது இளையவள், மன்னித்துவிடுவாள். சம்பந்தப்பட்ட வீட்டாரின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவள் ஐம்பத்தொன்றில் வந்தாள். இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் படிப்பு முடித்து, தென்காசியில் மிஷன் நடத்திய ஒரு சின்னப் பிரசவ விடுதிக்கு நர்சாக வந்தவள். பிரசவ அறையும் அவள் குடியிருந்த ஒற்றை அறையும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது முனகினால் இந்தப் பக்கம் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போவாள். திருநெல்வேலியிலிருந்து லேடி டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற ஐந்து நாளும் எல்லாம் அவள்தான்.

அந்தக் காலத்துப் பிரசவத்தைப் பற்றி இப்போது உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வலி வரவில்லையா, விளக்கெண்ணெய் கொடு, எனிமா கொடு, அதற்கும் அசையாவிட்டால் கொய்னா மாத்திரை கொடு. வலி வந்துவிட்டதா, பல்லைக் கடித்துக்கொண்டு கிட. வலியைக் குறைக்கப் பெத்திடின் என்றொரு ஊசி என் கடையில் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த அலமாரியை நான் திறக்கக்கூடாது. வலியை அதிகமாக்கிப் பிள்ளையைச் சீக்கிரம் வெளியே தள்ள பிட்யூட்ரின் என்ற ஊசி இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த அதை நர்சு போடலாம். பிறக்கும் முன்னால் போடக்கூடாது. போடுவதென்றால் டாக்டர்தான் போட வேண்டும், அதுவும் துளித்துளியாக, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. மொத்தமாகப் போட்டால் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகும், கிழிந்தும் போகும்.

ஐம்பத்துமூன்றில் லேடி டாக்டர் அப்படி ஒருத்திக்கு, இரண்டு நாள் வலியில் துவண்டு கிடந்தவளுக்கு, துளித்துளியாகப் போட்டார். அரைமணி நேரத்தில் பிள்ளை பிறந்தது. டாக்டர் மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். ஊசி மட்டும் ஜெபமலர் பெயரில் ஊருக்குள் தங்கிவிட்டது. 'நர்சம்மா ஒரு ஊசி போட்டா பத்து நிமிசத்துல பிள்ளை' என்று பேச்சு பரவியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊசியைக் கேட்டார்கள். புருஷன் ரயிலுக்குப் போகவேண்டும், ஊசி போடு. அமாவாசை பிறக்கப்போகிறது, ஊசி போடு. மாட்டேன் என்றால், பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்துவிட்டு வந்த பேச்சிமுத்துவைக் கூப்பிடப் போனார்கள். அவன் யோசிக்கிற ஆள் இல்லை.

ஒரு நாள் அவள் கடைக்கு வந்து, "பாய், டிஸ்டில்டு வாட்டர் ஒரு டஜன் கொடுங்க" என்றாள்.

"எந்த மருந்தைக் கரைக்க?"

"எதையும் கரைக்க இல்ல" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

எனக்குப் புரிந்தது. ஒரு சி.சி. சுத்தமான தண்ணீர். குத்தினால் வலிக்கும், வலித்தால் நம்புவார்கள். பிள்ளை அது வருகிற நேரத்துக்கு வரும். புகழ் ஊசிக்குப் போகும். பேச்சிமுத்து வீட்டுக்கு ஆள் போகாது. இந்த ரகசியம் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஆறு வருஷம் அது ஒழுங்காகவே ஓடியது. நாங்கள் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நான்கூட நினைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்பது ஆனி மாதக் கடைசியில், அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் மத்தியானம், என் கடை முன்னால் ஒரு பிளசர் கார் வந்து நின்றது. இலத்தூர் குத்தாலிங்கம் இறங்கினார். மலையாள ராஜ்யத்தில் இருந்த இலத்தூர் நம் பக்கம் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் என் கடை இருந்த கட்டடம் அதற்கு முப்பது வருஷம் முன்னாலிருந்தே அவர்களுடையது.

"பாய், குத்தாலத்து பங்களாவுல என் வீட்டுக்காரிக்கு வலி எடுத்துட்டு. பத்து நாள் முன்னாடியே வந்துட்டு. நர்சம்மா காலைலேருந்து அங்கனதான் இருக்கா. அந்தப் பிள்ளை வார ஊசியும் வலி தெரியாத ஊசியும் எடுத்துக்கிட்டு நீங்களே வரணுமாம். அம்மா சொல்லுதா."

"டாக்டர் சீட்டு இல்லாம நான் எப்படி அண்ணாச்சி..."

"அம்மா சொல்லுதா" என்றார் மறுபடியும். அம்மாவின் பேச்சுக்கு மேலே பேசத் தெரியாத மனுஷன். எனக்கும் பேசத் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து இரண்டையும் எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். அந்தச் சாவியைத் திருப்பியதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அருவிச் சத்தம் பங்களாவின் ஓட்டுக்கு மேலே விடாமல் கேட்டது. குரங்குகள் வராமலிருக்க எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஈரத் துணி வாடையும் விளக்கெண்ணெய் வாடையும். நீள நடையின் கடைசியில் ஓர் அறை, கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, குத்தாலிங்கத்தின் அம்மா சொக்கம்மாள் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் பஞ்சாங்கம்.

உள்ளே கிடந்தது அவளுடைய மருமகள் இராமலட்சுமி. பத்தொன்பது வயது. தாயில்லாப் பெண், அதனால் தலைப்பிரசவத்துக்குக்கூடப் போக ஒரு வீடு இல்லை. மாமியார் வீட்டோடு சீசனுக்கு வந்த இடத்தில் வலி கண்டுவிட்டது.

கதவு கொஞ்சம் திறந்து ஜெபமலர் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும், என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்ததும், அவள் முகம் செத்துவிட்டது.

"நல்லாத்தான் போய்க்கிட்டிருக்கு ஆச்சி. இன்னும் ஒரு மணி நேரத்துல தானா பிறந்திரும். ஊசி வேண்டாம்" என்றாள்.

"மூணு நாப்பதுக்கு ஆயில்யம் பொறந்திரும்" என்றாள் ஆச்சி.

"மணி மூணு ஆகப்போவுது."

"அதனாலதான் சொல்லுதேன். காலைல நீ போட்ட ஊசி தண்ணி மாதிரி இருக்கு, ஒரு அசைவும் இல்ல. இப்போ பாய் தன் கையால கொண்டாந்திருக்காரு. அதைப் போடு."

தண்ணி மாதிரி என்றதும் நான் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். ஜெபமலர் என்னைப் பார்க்கவே இல்லை. "மொதப் பிள்ளை ஆச்சி. இந்த நேரத்துல போட்டா கர்ப்பப்பை தாங்காது" என்றாள்.

"உனக்கு முடியலன்னா சொல்லு. கார் வாசல்லதான் நிக்கி. பேச்சிமுத்து வந்து போடுவான்."

ஆச்சியைக் கொடுமைக்காரி என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். அது உண்மை இல்லை. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள், உலகம்மாள். இருபத்தெட்டு வயது, ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று எத்தனையோ வீடுகள் ஜாதகத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டன. பதினாறு வயதில் மூக்குத்தி மாற்றி அலங்கரித்து உட்கார வைத்த பெண், பன்னிரண்டு வருஷமாக அடுக்களைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தாள். நல்ல காரியம் நடக்கும் வீடுகளுக்கு அவளைக் கூப்பிடமாட்டார்கள். அன்றைக்கும் வேறு பெண்ணாள் இல்லாததால்தான் அவள் பிரசவ அறைக்குள் இருந்தாள். "என் வீட்ல இன்னொரு ஆயில்யம் வேண்டாம்" என்று ஆச்சி சொன்னபோது அவள் குரல் உடைந்ததை நான் கேட்டேன்.

ஜெபமலர் டப்பாவை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? அவள் மறுத்தால் பேச்சிமுத்து வருவான். கொட்டிவிடலாம் என்றால் உள்ளே ஆச்சி எந்த நிமிஷமும் வரலாம். இறங்கி ஓடிவிடலாம் என்றால் உள்ளே ஒருத்தி கிடக்கிறாள். ஆச்சி எழுந்து ஒரு எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினாள். அந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வெளியே வந்த அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவர்கள் கதவைக் கொஞ்சம் திறந்து எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட வேண்டும். பழம் வாசற்படியைத் தாண்டுகிற நேரம்தான் பிறந்த நேரம். அதை வைத்துத்தான் ஜாதகம்.

"பாய், உங்க வாட்சு சரியா ஓடுதா?" என்று கேட்டாள் ஆச்சி.

"மணிக்கூண்டு பாத்து வச்சது" என்றேன். என்னை நடையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே இராமலட்சுமி கத்தினாள். வலி தெரியாத ஊசி என்று ஒன்று இருப்பது அவளுக்கு யார் சொன்னார்களோ, "அதையாவது போடுங்கக்கா, போடுங்கக்கா" என்று கெஞ்சினாள். "அதைப் போட்டா பிள்ளை தூங்கிரும்மா, பிறந்து மூச்சு விடாது. இனி நேரம் இல்ல" என்று ஜெபமலர் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று இருபது. மூன்று இருபத்தைந்து. ஆச்சி கதவருகே போய் நின்று, "போட்டாச்சா?" என்று கேட்டாள்.

மூன்று முப்பத்தொன்றுக்குக் கதவு ஒரு சாண் திறந்தது. எலுமிச்சம்பழம் உருண்டு வந்து என் காலில் முட்டி நின்றது.

"மூணு முப்பத்தொண்ணு" என்று நான் சத்தமாகச் சொன்னேன். ஆச்சி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். குத்தாலிங்கம் சுவரில் சாய்ந்து அழுதார். அப்புறம் எல்லாரும் பிள்ளையின் அழுகைக்காகக் காத்திருந்தோம். அருவிச் சத்தம்தான் கேட்டது.

ஆச்சி கதவைத் தட்டினாள். ஜெபமலர் தலையை மட்டும் நீட்டினாள். வேர்த்து ஊற்றியிருந்தது. "பிறந்தாச்சு. மூச்சு வரல. பாத்துக்கிட்டிருக்கேன். யாரும் உள்ள வரக்கூடாது, சத்தமும் போடக்கூடாது."

"ஆணா பொண்ணா?"

அவள் ஒரு நொடி திணறினாள். "மூச்சு வந்த பொறவு கேளுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மருந்துக்கடைக்காரன் ஆனாலும் நான் அத்தனை மடையன் இல்லை. தாழ் விழுந்த பிறகு உள்ளே துணி அடைத்த வாயிலிருந்து ஒரு முக்கல் கேட்டது. பிள்ளை பெற்று முடித்தவள் அப்படி முக்கமாட்டாள். ஆச்சிக்கு அது கேட்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தென்காசி உலகம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஸர் தொழுகைக்கான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் ஆனால் என்ன சொல்வாள்? பிள்ளை செத்துத்தான் பிறந்தால்? என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

நாலு பன்னிரண்டுக்குப் பிள்ளை அழுதது. பெண். நாற்பத்தொரு நிமிஷம் மூச்சில்லாமல் கிடந்து பிழைத்த பிள்ளை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். யாரும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. பூசத்தில் பேத்தி பிறந்துவிட்டாள். குற்றாலத்தில் பிறந்ததால், அங்கே மலைமேல் உள்ள அருவியின் நினைவாகச் செண்பகம் என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே நடந்ததை ஜெபமலர் எனக்குச் சொன்னது ஐந்து வருஷம் கழித்து. அன்றைக்கு அவள் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டாள். நிஜமான மருந்து. ஆச்சி கதவுக்கு வெளியே நின்று போட்டாச்சா என்று கேட்டபோது ஊசி அவள் கையில் இருந்தது. பேச்சிமுத்து மொத்தமாகப் போடுவதற்குப் பதில், தானே கொஞ்சமாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தாளாம்.

இராமலட்சுமியின் தலைமாட்டில் நின்ற உலகம்மாள் கேட்டிருக்கிறாள்: "இதைப் போட்டா இவளுக்கு என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். செத்தும் போகலாம்."

"போடலன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நாலு மணிக்கு மேல பிறக்கும்."

உலகம்மாள் தட்டிலிருந்த பழத்தை எடுத்தாள். கதவைத் திறந்தாள். உருட்டிவிட்டாள். திரும்பி வந்து, துண்டைச் சுருட்டி இராமலட்சுமி வாயில் வைத்து, "ஏட்டி, இனி நீ கத்தக் கூடாது. கத்தினா உன் பிள்ளை என்னை மாதிரி ஆயிரும்" என்றாள். அந்தப் பெண் கத்தவில்லை. கடைசி நாற்பத்தொரு நிமிஷமும், முதல் பிரசவத்தின் முழு வலியையும், ஒரு சத்தம் வெளியே போகாமல் வாங்கிக்கொண்டாள். துண்டு இரண்டு இடத்தில் பல் பட்டுக் கிழிந்திருந்தது என்று ஜெபமலர் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். பெத்திடின் அவள் பையில் கடைசிவரை உடைபடாமல் இருந்தது.

குற்றாலத்திலிருந்து திரும்பும்போது ஒரு பெரிய ஆபத்தைத் தாண்டிவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். அது தப்பு என்று அடுத்த மாதமே தெரிந்துவிட்டது. ஆச்சி போகிற இடமெல்லாம் சொன்னாள். ஆயில்யத்துக்கு ஒன்பது நிமிஷம் முன்னால் ஊசி போட்டுப் பிள்ளையை எடுத்தாள் நர்சம்மா, அதுவும் செத்த பிள்ளைக்கு உயிர் கொடுத்தாள். பெரிய வீட்டு வாய்க்கு ஊரில் மதிப்பு அதிகம். செங்கோட்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் ஆட்கள் பஞ்சாங்கத்தோடு வர ஆரம்பித்தார்கள். எத்தனை மணிக்குள் வேண்டும் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள், மளிகைச் சாமான் வாங்க வருகிற மாதிரி. எல்லாருக்கும் அவளால் போக முடியவில்லை. போக முடியாத வீடுகளுக்குப் பேச்சிமுத்து போனான். 'நேரம் பார்த்துப் பிரசவம்' என்று அவன் வாசலில் பலகைகூட வைத்தான்.

அறுபத்துநாலில் கீழப்பாவூரில் முத்துவடிவு என்ற பெண் செத்தாள். இருபத்திரண்டு வயது, இரண்டாவது பிரசவம். மூலம் பிறப்பதற்குள் பிள்ளை வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். அன்றைக்கு ஜெபமலர் ராயகிரியில் வேறொரு பிரசவத்தில் இருந்தாள். பேச்சிமுத்து போய் ஒரே ஊசியாகப் போட்டான். பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தது. தாய்க்கு உள்ளே கிழிந்து ரத்தம் நிற்கவே இல்லை. வீட்டார் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. தாய் போனாலும் பிள்ளை நல்ல நேரத்தில் பிறந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜெபமலர் கடைக்கு வந்து நின்றாள். "பாய், அந்த ஊசியை அவன் எங்கன வாங்கினான்?"

நான் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் கடையில்தான் வாங்கினான். ராணுவச் சான்றிதழைக் காட்டி மாதாமாதம் வாங்கிப் போவான். நான் கேள்வி கேட்டதில்லை. அவளுக்கு அது புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து குற்றாலத்தில் நடந்ததை முழுக்கச் சொன்னாள். அப்போதுதான் சொன்னாள்.

"அந்தப் பழம் உருண்டதனாலதான் இவ செத்தா. ஊசி போட்டு நேரத்தை நிறுத்த முடியும்னு ஊரு நம்புது. அது பொய்யின்னு நான் சொல்லியாகணும். ஆச்சிகிட்டச் சொன்னா ஊருக்கே தெரிஞ்சிரும். என் வேலை போனாப் போவட்டும்" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் இலத்தூர் போனோம். துணைக்கு நானும் போனேன். சாட்சிக்கு என்றும் வைத்துக்கொள்ளலாம், நேரத்தைக் கத்திச் சொன்னவன் நான்தானே.

ஆச்சி முன்கட்டில் ஊஞ்சலில் இருந்தாள். மடியில் செண்பகம், ஐந்து வயது. "பூசத்துல பொறந்தவ, எப்படிப் படிக்கா பாருங்க பாய்" என்று சொல்லி, பிள்ளையை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னாள். பிள்ளை நன்றாகத்தான் வாசித்தது. இராமலட்சுமி தூணுக்குப் பின்னால் நின்று ஜெபமலரையே பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுக்களைப் பக்கம் போய் உலகம்மாளை அனுப்பினாள்.

உலகம்மாள் ஜெபமலரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். நாலைந்து எலுமிச்சை மரங்கள், கீழே மஞ்சளாக உதிர்ந்து கிடந்த பழங்கள். ஊறுகாய்க்குப் பொறுக்கிக்கொண்டே பேசினாளாம். அவளுக்கு அப்போது முப்பத்துமூன்று.

"சொல்லணும்னு வந்திருக்கீக. சொல்லுங்க, நான் தடுக்கல. ஆனா சொல்லிட்டு நீங்க தென்காசிக்குப் போயிருவீக. நாங்க இங்கனதான் இருக்கணும். இப்ப அம்மா மடியில உக்காந்திருக்கே, அந்தப் பிள்ளை நாளைக்கு அங்க உக்காராது. எங்க அண்ணன் வாயே தொறக்க மாட்டான். இராமலட்சுமிக்குப் போக ஒரு வீடு கிடையாது. இன்னும் பதினஞ்சு வருசத்துல இந்த மரத்தடியில ரெண்டு பேரு பழம் பொறுக்கிக்கிட்டிருப்போம்."

"கீழப்பாவூர்ல ஒரு பொண்ணு செத்துப்போச்சு உலகம்மா."

"தெரியும்" என்றாள் உலகம்மாள். "உருட்டினது நான். நீங்க இல்ல. அதையும் சேத்துச் சொல்லுங்க." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெபமலர் முன்கட்டுக்கு வந்தாள். மோர் கொடுத்தார்கள், குடித்தாள். செண்பகம் அவள் பக்கத்தில் வந்து கையிலிருந்த கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தது. சொல்லிவிடுவாள் என்றும் நினைத்தேன், சொல்லக்கூடாது என்றும் நினைத்தேன். கடைசியில் பாதியை மட்டும் சொன்னாள்.

"ஆச்சி, ஊசி போட்டு நேரத்தை முந்த முடியாது. நீங்க யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீக. கீழப்பாவூர்ல ஒரு தாய் அதுலதான் போய்ட்டா."

ஆச்சி பிள்ளையை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள். "அவனுக்குக் கைராசி கெடையாது. உனக்கு இருக்கு. இந்தா, அத்தாட்சி என் மடியில இருக்கே" என்று சொல்லி ஜெபமலரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதோடு முடிந்தது. பஸ்ஸில் வரும்போது ஜெபமலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இலஞ்சி தாண்டிய பிறகு, "பாய், இனிமே அவனுக்குக் கொடுக்காதீங்க" என்றாள். நான் கொடுக்கவில்லை. அவன் மதுரையிலிருந்து வரவழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. பஞ்சாங்கத்தோடு யார் வந்தாலும் அவனுக்கு முன்னால் அவள் போய் நிற்க வேண்டும். காய்ச்சலோடு போனாள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மாட்டுவண்டியில் போனாள். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கோயிலில் பாதி ஆராதனையில் எழுந்து போனாள். போய், கதவைச் சாத்தி, என் கடைத் தண்ணீரைக் குத்தி, அவர்கள் கேட்ட நேரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, பெற்றுக்கொண்டிருப்பவளின் வாயில் துண்டை வைப்பாள். அந்த வேலையை அவள் வெறுத்தாள். கத்தவேண்டியவளைக் கத்தாதே என்று சொல்வது தன்னை நரகத்துக்குத்தான் கொண்டுபோகும் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். ஆனால் அவள் போன வீடுகளில் யாரும் சாகவில்லை. ஒரு நாள் அவள் ஊரில் இல்லாவிட்டால் அந்த நாள் பேச்சிமுத்துவுடைய நாள். அதனால்தான் அம்மாவின் சாவுக்குக்கூட அவளால் தங்க முடியவில்லை. இதை அவள் தம்பிக்கு எப்படிச் சொல்வாள்?

அறுபத்தொன்பதில் அவளுக்கு நாசரேத்துக்கே மாற்றல் வந்தது. பத்து வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். தம்பி மனசு மாறி, தன் வீட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தான். தகரப்பெட்டியைக் கட்டி, கடைக்கு வந்து ஜாஹிராவுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்.

ஒன்பது மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பஸ் வந்து நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, பஜார் பக்கமிருந்து பேச்சிமுத்து சைக்கிளில் வந்தான். ஹாண்டிலில் பை. எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டி, "என்ன நர்சம்மா, ஊருக்கா? இனி நம்ம பாடுதான் திண்டாட்டம், எல்லாத்தையும் நானே பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜெபமலர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினான். அவள் காலை எடுத்துவிட்டாள். பஸ் போய்விட்டது.

"பெட்டியை விடுதிக்குக் கொண்டு வைக்கச் சொல்லுங்க பாய்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டு நடுவில்.

மாற்றல் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாள். அதற்குத்தான் ஊர் மண்டைக்கனம் என்று பெயர் வைத்தது. அந்த வாரம் நான் விடுதிக்குப் போனபோது அவளுடைய அறை வாசலில் ஒரு ஓலைக்கூடை இருந்தது. வருஷத்துக்கு நாலைந்து முறை இலத்தூரிலிருந்து பால்காரன் கொண்டுவந்து வைப்பானாம், யார் அனுப்பியது என்று சொல்லமாட்டானாம். துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே நூறு எலுமிச்சம்பழம் இருக்கும்.